வெப்சைட் உங்களுடையது... சாவி யார் கையில?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்குக் கல்யாண போட்டோகிராபிதான் தொழில். 2019-ல் ஒரு வெப்சைட் போட்டார். கட்டிக்கொடுத்தது அவரோட காலேஜ் நண்பர். "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நானே பார்த்துக்கிறேன் மாப்ள, நீ போட்டோவை மட்டும் அனுப்பு"னு சொல்லியிருக்கார். அண்ணனும் நிம்மதியா இருந்துட்டார். விசிட்டிங் கார்டு, ஆல்பத்தோட பின் அட்டை, வேன் ஸ்டிக்கர்னு எல்லாத்திலும் அந்த முகவரியைப் போட்டார்.

நாலு வருஷம் கழிச்சு ஒரு நாள், பொண்ணோட அப்பா ஒருத்தர் போன் பண்ணி, "தம்பி, ஆல்பம் பார்க்கலாம்னு உங்க சைட்டைத் திறந்தா ரம்மி விளையாடச் சொல்லுதே?" என்று கேட்டிருக்கிறார்.

திறந்து பார்த்தா நிஜமாவே ரம்மி! டொமைன் காலாவதி ஆகி, யாரோ எடுத்து, சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பி விட்டிருக்காங்க. நண்பர் அதற்குள் வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்தார். பழைய நம்பர் வேறு யாரிடமோ இருந்தது. அவர் ஏமாற்றவில்லை, மறந்துவிட்டார். அண்ணன் கேட்கவும் இல்லை. இவ்வளவுதான் நடந்தது. ஆனா, நாலு வருஷமா ஊர் முழுக்க ஒட்டின முகவரி போயிடுச்சு.

இந்தக் கட்டுரை ரெண்டு பேருக்கானது. தன் கடைக்கோ, பொட்டிக்குக்கோ, யூடியூப் சேனலுக்கோ யாரையாவது வைத்து வெப்சைட் கட்டியவர்கள் ஒரு பக்கம். அப்படிக் கட்டிக்கொடுத்து சம்பாதிக்கும் ஃப்ரீலான்சர்கள் இன்னொரு பக்கம். நீங்க எந்தப் பக்கம் இருந்தாலும், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க... சாவி யார் கையில இருக்கு?

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

சமீபத்தில் உங்க பேங்க் வெப்சைட்டின் முகவரி மாறியிருப்பதை கவனிச்சீங்களா? கடைசியில் 'டாட் பேங்க் டாட் இன்' என்று வரும். 2025 அக்டோபர் 31-க்குள் இந்த முகவரிக்கு மாறும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. காரணம் சிம்பிள். பேங்க் பேர் மாதிரியே ஒரு டொமைன் வாங்கி, போலி பக்கம் போட்டு, மக்கள் பணத்தைச் சுருட்டும் கும்பல் பெருகிவிட்டது. இந்தப் புது முகவரியை வங்கிகள் மட்டும்தான் வாங்க முடியும். அதைப் பதிவு செய்து கொடுக்கும் பொறுப்பும் ஹைதராபாத்தில் இருக்கும் ஐ.டி.ஆர்.பி.டி என்ற ஒரே அமைப்பிடம் இருக்கிறது.

2024 அக்டோபரில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையப்போவதை முன்பே யூகித்து, ரெண்டு பெயரையும் சேர்த்து ஒரு டாட் காம் முகவரியை வாங்கி வைத்திருந்தார் டெல்லியைச் சேர்ந்த ஓர் இளைஞர். தன் வெளிநாட்டுப் படிப்புச் செலவை ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என்று அதே பக்கத்தில் கோரிக்கையும் வைத்தார். நாடே அதைப் பேசியது.

ரெண்டு செய்தியும் சொல்வது ஒன்றுதான். இன்டர்நெட்டில் உங்க பேர், பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர் கையில் இருக்கிறது. பேங்க்குக்குப் பாதுகாப்பு தர ரிசர்வ் வங்கி இருக்கு. உங்க பேக்கரிக்கு? நீங்கதான் பார்த்துக்கணும்.

பட்டா, இடம், கட்டடம்

'வெப்சைட்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே மூணு தனித்தனி விஷயங்கள் இருக்கு. நம்ம ஊர் பாஷையில் சொல்றேன்.

டொமைன்தான் பட்டா. 'இந்த முகவரி இன்னாருக்கு' என்ற பதிவு. ஹோஸ்டிங் என்பது வீடு நிற்கும் இடம். உங்க ஃபைல்கள் இருக்கும் சர்வருக்கு மாதமோ வருடமோ வாடகை கட்டுவீர்கள். டிசைன், கோடு, போட்டோ எல்லாம் கட்டடம். இடம் போனா வேற இடம் பார்க்கலாம். கட்டடம் இடிஞ்சா திரும்பக் கட்டலாம். பட்டா போச்சுன்னா, அந்த முகவரிக்கு வரும் ஆட்கள் எல்லோரும் வேறு யாரோ வீட்டுக்குப் போவார்கள். உங்க பிசினஸ் மெயில் அதே டொமைனில் இருந்தால், அதுவும் சேர்ந்தே போகும்.

இதில் ஒரு திருத்தம். டொமைனை யாரும் நிரந்தரமாக 'வாங்க' முடியாது. அது குத்தகைதான். டாட் காம் மாதிரியான பெயர்களை ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 வருடங்களுக்குப் பதிவு செய்யலாம். அப்புறம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உலக அளவில் இதற்கு விதிகள் போடுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1998-ல் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. நம்ம டாட் இன் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நிக்ஸி. இவர்களுக்குக் கீழே, நமக்கு நேரடியாகப் பெயரை விற்கும் பதிவு நிறுவனங்கள்.

அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, யார் மெயில் ஐடி இருக்கிறதோ, அவர்தான் உரிமையாளர். "காசு கொடுத்தது நான்தான், கடையும் என்னுதுதான்" என்று நீங்க சொல்வதை அங்கே இருக்கும் கஸ்டமர் கேர் நபர் நம்பலாம். ஆனா, சாவியைத் தர முடியாது.

எங்கே வழுக்குது?

பெரும்பாலான கேஸ்களில் வில்லன் யாரும் கிடையாது. வசதிக்காக எடுத்த சின்னச் சின்ன முடிவுகள்தான்.

முதலில், 'டொமைன் ஃப்ரீ' பேக்கேஜ். "15,000 ரூபாய்க்கு வெப்சைட், டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து" என்றால் கேட்க இனிக்கும். டெவலப்பர் தன் அக்கவுன்ட்டிலேயே இருபது கிளையன்ட்களின் டொமைன்களை வாங்கி அடுக்கியிருப்பார். அவருக்கு மேனேஜ் பண்ண ஈஸி. சட்டப்படி பார்த்தால் இருபது கடைகளின் பட்டாவும் அவர் பேர்ல!

ரெண்டாவது, தனியா ஒரு ஜிமெயில். "உங்க வெப்சைட்டுக்குனு ஒரு புது மெயில் ஐடி போட்டிருக்கேன் சார்" என்பார். டொமைன் வாங்கின பிறகு அதை யாரும் திறக்கவே மாட்டார்கள். ரெண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழித்து வருகிறது. அந்த மெயில் போனால், பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் வழியும் போச்சு. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும் போச்சு.

மூணாவது, ஓ.டி.பி போகும் நம்பர். பாஸ்வேர்டை உங்களிடம் கொடுத்திருப்பார். ஆனா லாகின் பண்ணினா ஓ.டி.பி அவர் போனுக்குப் போகும். அவர் நம்பரை மாற்றினால் பாஸ்வேர்டு வெறும் எழுத்துதான்.

நாலாவது, நம்ம நாட்டுக்கே உரிய சிக்கல். 'ஆட்டோ ரின்யூ ஆன்ல இருக்கு, கவலை வேண்டாம்' என்று நினைப்போம். 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி புது விதிகளைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் முன்கூட்டியே இ-மேண்டேட் பதிவு செய்திருக்க வேண்டும். நம் பாதுகாப்புக்கான நல்ல விதிதான். ஆனா, அதற்குத் தயாராகாத வெளிநாட்டு நிறுவனங்களில் இந்திய கார்டுகளின் ஆட்டோ ரின்யூவல் சத்தமில்லாமல் ஃபெயில் ஆனது. ஸ்கிரீனில் 'ஆன்' என்று காட்டுவதை மட்டும் நம்பாதீங்க.

காலாவதி ஆனா என்ன நடக்கும்?

உடனே கைவிட்டுப் போகாது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும். முடிந்த பிறகும் ஐந்து நாள்களுக்குள் ஒரு முறை சொல்ல வேண்டும். ஆனா, அந்த மெயில் யாருக்குப் போகும் என்பதுதான் மேட்டர். பதிவில் இருக்கும் ஐடிக்குத்தான்.

முடிந்த பிறகு ஒரு சலுகைக் காலம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதிகபட்சம் 45 நாள்கள் வரை போகலாம். அதையும் தாண்டினால், மீட்புக் காலம் என்று 30 நாள்கள். இதில் திரும்ப எடுக்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைப் போல பல மடங்கு கேட்பார்கள். கடைசியாக 5 நாள்கள் அழிப்புக் காத்திருப்பு. இதில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் சந்தைக்கு வரும். பல நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு. நல்லா ஓடிய சைட் என்றால், அதற்கு வரும் கூட்டத்துக்காகவே கொத்திக்கொண்டு போக ஆட்கள் காத்திருப்பார்கள். அண்ணன் சைட்டுக்கு ரம்மி வந்த கதை இதுதான்.

'நமக்கெல்லாம் நடக்குமா' என்று நினைக்காதீங்க. 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க மறந்ததால், ஹாட்மெயில் பயன்படுத்துபவர்கள் தவித்தார்கள். ஒரு புரோகிராமர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டித்தான் அதைச் சரிசெய்தார். 2010-ல் அமெரிக்காவின் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணியின் சைட் இதே மறதியால் முடங்கியது. 2015-ல், முன்னாள் கூகுள் ஊழியர் ஒருவர் 12 டாலருக்கு கூகுள் டாட் காமையே வாங்கி, ஒரு நிமிடம் அதற்கு ஓனராக இருந்தார். உலகின் பெரிய கம்பெனிகளுக்கே இந்த நிலைமை என்றால், நம்ம தெருமுனைக் கடை எம்மாத்திரம்?

டொமைனோட முடியலை

சாவிக்கொத்தில் இன்னும் நிறைய சாவிகள் இருக்கு. கூகுள் மேப்பில் உங்க கடை வருதே, அந்த பிசினஸ் புரொஃபைலின் 'பிரைமரி ஓனர்' யார்? ஏஜென்சியே ஓனராக இருந்து, உங்களை 'மேனேஜர்' ஆக்கியிருந்தால், அஞ்சு வருஷம் சேர்த்த ரிவ்யூக்கள் மேல் உங்களுக்குப் பிடி இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கத்தை ஏஜென்சி தன் சொந்த பிசினஸ் கணக்கில் சேர்த்துக்கொண்டதா, பார்ட்னராக அனுமதி மட்டும் வாங்கியதா? அனலிடிக்ஸ், சர்ச் கன்சோல் எந்த மெயிலில் இருக்கு? ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே எந்த பேங்க் அக்கவுன்ட்டோடு இணைந்திருக்கு? ஆப் இருந்தால், பிளே ஸ்டோர் டெவலப்பர் கணக்கு யாருடையது? 25 டாலர் ஒருமுறை கட்டினால் உங்க பேரிலேயே தொடங்கலாம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப்போய் ஆப்பையே அடுத்தவர் கணக்கில் விட்டவர்கள் உண்டு.

வேர்ட்பிரஸ் சைட் என்றால் இன்னொன்று. உங்களுக்குக் கொடுத்திருப்பது 'எடிட்டர்' லாகினா, 'அட்மின்' லாகினா? எடிட்டருக்குப் பதிவு எழுதலாம், திருத்தலாம். வீட்டுக்குள் உட்காரலாம், பூட்டை மாற்ற முடியாது.

இப்போ டெவலப்பர் பக்கம் வருவோம்

"நாங்க என்ன கெட்டவங்களா?" என்று ஃப்ரீலான்சர்கள் கேட்பது காதில் விழுகிறது. அவங்க தரப்பிலும் நியாயம் இருக்கு. ராத்திரி பகலா உட்கார்ந்து சைட்டை முடிச்சுக்கொடுத்தா, கடைசி இன்ஸ்டால்மென்ட் மட்டும் வரவே வராது. "அடுத்த வாரம் தம்பி" மூணு மாசம் ஓடும். அப்போ கையில் இருக்கும் ஒரே பிடி அந்த டொமைன்தான். அதனாலேயே பலர் தங்கள் பேரில் வாங்கி வைக்கிறார்கள்.

பிரச்னை என்னன்னா, அந்தப் பிடி ரெண்டு பக்கமும் வெட்டும். கிளையன்ட்டின் பெயரில் இருக்கும் சைட்டை அனுமதி இல்லாமல் முடக்கினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவின் கீழ் சிக்கலாம். உரிமை உள்ளவர் உள்ளே வர முடியாமல் தடுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு. மூன்று வருடம் வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ கிடைக்கலாம். உங்க பேரில் இருக்கும் கிளையன்ட் டொமைனில் ஏதாவது மோசடி நடந்தாலும், முதலில் தேடி வருவது பதிவில் இருக்கும் பேரைத்தான். ஐகேன் விதிப்படியும், இன்னொருவர் பயன்படுத்த அனுமதித்தாலும் பதிவு பெற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வருஷம் ஆயிரம் ரூபாய் சொச்சம் பெறும் டொமைனுக்காக இந்த ரிஸ்க் தேவையா?

நேர்மையான பிடி ஒன்று உங்க கையிலேயே இருக்கு. காப்புரிமை! 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின்படி, கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்புதான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்சர் எழுதினால், ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், பொதுவாக எழுதியவருக்கே முதல் உரிமை. அதை மாற்றிக்கொடுக்க, கையெழுத்திட்ட எழுத்துபூர்வ ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடங்கள்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

இதை வைத்து ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்க. 'முழுப் பணமும் வந்ததும் கோடின் உரிமை கிளையன்ட்டுக்கு மாறும். அதுவரை சைட் என் டெஸ்ட் சர்வரில்தான் இருக்கும்' என்று எழுதிவிடுங்க. அட்வான்ஸ் பாதி, டிசைன் ஓகே ஆனதும் ஒரு பங்கு, லைவ் போவதற்கு முன் மீதி. டொமைன் முதல் நாளிலிருந்தே கிளையன்ட் பேரில். உங்களுக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி. பெரும்பாலான பதிவு நிறுவனங்களில் பாஸ்வேர்டைப் பகிராமலேயே இப்படி அனுமதி தரும் வசதி இருக்கு. கிளையன்ட்களே, இதைப் படிச்சுட்டு சாவியை மட்டும் கேட்டு, பாக்கியை மறந்துடாதீங்க. முதலில் பில்லை செட்டில் பண்ணுங்க!

ஏற்கெனவே மாட்டிக்கிட்டா?

பதற்றமோ சண்டையோ வேண்டாம். முதல் வேலை, டெவலப்பரிடம் நல்லபடியா பேசுவதுதான். மிரட்டினால் போனை எடுக்க மாட்டார். "டொமைனை என் பேருக்கு மாத்திக்கொடுங்க, அதுக்கான உங்க சார்ஜ் என்ன?" என்று கேளுங்க. ஒரே பதிவு நிறுவனத்தில் உங்களுக்கும் ஒரு கணக்கு தொடங்கினால், அங்கேயே கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதுதான் சுலபம்.

வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், பூட்டைத் திறந்து, ஆத் கோடு வாங்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பதிவு பெற்றவர் கேட்ட ஐந்து நாள்களுக்குள் பதிவு நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் பெயரை மாற்றினால், அதன் பிறகு 60 நாள்கள் வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாமல் பூட்டுவது பல இடங்களில் வழக்கம். எனவே எதை முதலில் செய்வது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிங்க. நகர்த்துவதற்கு முன் டி.என்.எஸ் செட்டிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அதில் மெயிலுக்கான எம்.எக்ஸ் பதிவு விட்டுப்போனால், சைட் ஓடும், மெயில் நிற்கும்.

பேசியும் நடக்கலைன்னா, பில், வாட்ஸ்அப் சாட், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் திரட்டி வக்கீல் நோட்டீஸ். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று சிஃபி தொடர்பான வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் நடுவர் மன்ற முறையும் இருக்கு. ஆனா இவை அடுத்தவர் பிராண்டைக் கெட்ட நோக்கத்தில் பதிவு செய்பவர்களுக்கு எதிரான கருவிகள். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். காலமும் காசும் கரையும். அதனால்தான், வரும் முன் காப்பதே மேல்.

இன்னிக்கே செய்ய வேண்டியவை

* டொமைன் கணக்கில் நீங்களே லாகின் பண்ணிப் பாருங்க. ஐகேனின் தேடல் பக்கத்தில் காலாவதி தேதி தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் லாகின்தான் உண்மையான டெஸ்ட்.
* பதிவு மெயில், தினமும் நீங்க பார்க்கும் மெயிலாக இருக்கட்டும். அதே டொமைனில் இருக்கும் மெயில் ஐடியைக் கொடுக்காதீங்க. டொமைன் போனா அதுவும் சேர்ந்து போகும்.
* ரெண்டு அடுக்கு பாதுகாப்பைப் போடுங்க. ஓ.டி.பி உங்க போனுக்கு வரட்டும்.
* காலாவதி தேதிக்கு 45 நாள் முன்னாடியே போன் காலண்டரில் அலாரம். முடிந்தால் மூணு, நாலு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடுங்க.
* கூகுள் மேப், இன்ஸ்டா, அனலிடிக்ஸ், பேமென்ட், ஆப் எல்லாத்திலும் ஓனர் நீங்க. மத்தவங்களுக்கு அனுமதி மட்டும்.
* எந்தக் கணக்கு எங்கே, எந்த மெயிலில், எப்போ புதுப்பிக்கணும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வீட்டில் ஒருத்தரிடம் கொடுங்க. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.

அண்ணன் கதைக்கு வர்றேன். பழைய பெயரை வைத்திருப்பவரிடம் விலை கேட்டார். கட்டுப்படியாகவில்லை. கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டிப் புது டொமைன் வாங்கினார், இந்த முறை தன் பேரில். கார்டும் வேன் ஸ்டிக்கரும் மாத்தியாச்சு. ஆல்பங்களை மாத்த முடியலை. அவர் எடுத்த நூத்துக்கணக்கான கல்யாண ஆல்பங்களின் பின் அட்டையில் அந்தப் பழைய முகவரி இன்னமும் இருக்கு. யாராவது ஆசையா டைப் பண்ணிப் பார்த்தா, ரம்மிதான் வரும்.

"காசு போனதுகூட பரவாயில்லைடா. அந்தப் பெரியவர் கேட்டப்போ பதில் சொல்ல முடியலை பாரு, அதான்" என்றார் அண்ணன்.

படிச்சு முடிச்சதும் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. உங்க டொமைன் கணக்கோட பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா? ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க. முடியலைன்னா, உங்க டெவலப்பருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. அவர் நம்பர் மாறுவதற்குள்!